ஆற்றங்கரை ஊருக்கு ஒரு நடை

கல்லூரியில் ஆங்கிலம் கற்ற நாளில், இங்கிலாந்தின் ஆற்றங்கரைச் சிற்றூர்களைப் பற்றிப் பாடநூலிற் படித்து மயங்கியவன் நான். கல்லாற் கட்டிய தேவாலயம், அதனை அடுத்த கல்லறைத் தோட்டம், கீழே அமைதியாகச் செல்லும் ஆறு. பனையும் வடலியுமே கண்டு வளர்ந்த யாழ்ப்பாணத்து மாணவனுக்கு இவையெல்லாம் கனவுலகமாகவே தோன்றின. அத்தகைய ஊரொன்றைக் காண இங்கிலாந்துக்குப் போக வேண்டுவதில்லை, ஹட்டனிலிருந்து நடந்தாற் போதும் என்பதை எழுபது வயதை எட்டிய பின்னரே அறிந்தேன்.

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாட் காலை, ஹட்டன் புகையிரத நிலையத்திலிருந்து டிக்கோயாவை நோக்கிப் புறப்பட்டேன். புகையிரதப் பாதை 1884ஆம் ஆண்டில் இவ்வூரை எட்டியது. அதற்கு முன் ஏறியவர்களுட் பலர் காலால் ஏறியவர்களே. ஆதலால் நடந்து செல்வதே இம்மலைக்குச் செய்யும் மரியாதை என எண்ணிக்கொண்டேன். அவசரம் யாதுமில்லை. கையில் ஒரு குடை, பையிலே இரண்டு ரொட்டி, அவ்வளவே.

வழியெங்கும் தேயிலை. பனி விலக விலக, கொழுந்துக் கூடை சுமந்த பெண்கள் சரிவுகளில் தோன்றினர். தோட்டங்களின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தேன். டன்கெல்ட் என்பது ஸ்கொத்லாந்தில் டே ஆற்றங்கரையிலுள்ள ஊர். காசல்ரீ வட அயர்லாந்தைச் சேர்ந்த பெயர். நோர்வூட் லண்டனின் தென்பகுதி. பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் அதன் பெயர்களை இங்கே நட்டு வைத்தார்கள். அவர்களை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. ஊர் நினைவு எவர்க்கும் உரியதன்றோ?

டிக்கோயாவைக் கடந்து சிறிது தூரம் சென்றதும், நான் தேடி வந்த காட்சி எதிர்ப்பட்டது. வார்லி தேவாலயம் 1878ஆம் ஆண்டில் எழுந்தது. கல்லாலான சுவர்கள், வண்ணக் கண்ணாடிச் சாளரம், அருகே கல்லறைகள், கீழே விரிந்த நீர்ப்பரப்பு. பாடநூற் படமே உயிர்பெற்றது போலிருந்தது. ஆயினும் தேவாலயம் கட்டப்பட்ட காலத்தில் இங்கே ஏரி இல்லை. கெஹெல்கமு ஓயா என்னும் ஆறுதான் ஓடிற்று. 1965இல் அணை கட்டப்பட்ட பின்னரே அது காசல்ரீ நீர்த்தேக்கமாயிற்று.

கல்லறைகளின் இடையே நெடுநேரம் நின்றேன். தோட்டத் துரைமாரும் அவர்தம் குடும்பத்தினரும் அங்கே துயில்கின்றனர். பெயர், வயது, இறந்த நாள் எல்லாம் கல்லிலே வெட்டப்பட்டுள்ளன. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 முதற் பரவிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தேயிலை நாடெங்கும் பரவிற்று. இவற்றையெல்லாம் நூல்கள் கூறும். ஆனால் தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்துவந்து இம்மலைகளைத் திருத்தியவர்களுள் வழியிலே விழுந்தவர்களுக்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. இவ்வாறு எண்ணித் துரைமார் மீது சினங்கொள்ள முற்பட்டபோதுதான், என் நெஞ்சு என்னையே திருப்பிக் கேட்டது: "உன் வீட்டில் இருந்தவனின் பெயர் உனக்குத் தெரியுமா?"

நான் மாணவனாயிருந்த காலத்தில் எங்கள் வீட்டிலே ஒரு வேலைக்காரச் சிறுவன் இருந்தான். அவனுக்கும் என் வயதுதான். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொண்டுவரப்பட்டவன். 'தோட்டத்துப் பொடியன்' என்றே எல்லோரும் அழைத்தோம். நாள்தோறும் நண்பகலில் எனக்குச் சோறு கொண்டு வந்து கல்லூரி வாயிலிலே நிற்பான். உள்ளே மணி அடிக்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டு நிற்பான், உள்ளே வந்ததில்லை. ஒருநாள் அவன், "எங்க ஊருக் கோயிலு தண்ணிக்குள்ள போகப்போகுதுங்க சின்னையா, டவுனும் போகப்போகுது" என்றான். நானும் தமையனாரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். ஊர் தண்ணீருக்குள் போவதாவது! அவன் பின்னர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. சில ஆண்டுகளின் பின் அவன் தந்தையார் வந்து, "இந்தியாவுக்குப் பாஸ்போர்ட் வந்திருச்சுங்க" என்று கூறி அழைத்துச் சென்றார். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென 1964இல் இரு அரசுகளும் உடன்பட்டிருந்தன. அந்த எண்ணிக்கையில் அவனும் ஒருவன். அவன் பெயரை மறந்துவிட்டேன் என்று சொல்வதும் சரியன்று, நான் கேட்டறியவேயில்லை.

தேவாலய வாயிலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், "ஐயா எங்கிட்டு இருந்து வாறீங்க?" என்று வினவினார். சொன்னேன். மஸ்கெலியாவைப் பற்றிக் கேட்டேன். "மழை இல்லைங்க. தண்ணி வத்திருக்கு. இப்பப் போனா பழைய கோயிலைப் பாக்கலாம்" என்றார். அதற்கு மேல் நடக்கக் கால்கள் இடந்தரவில்லை. நோர்வூட் வழியே செல்லும் பேருந்தில் ஏறினேன்.

மஸ்கெலியா நகர் இன்று மேட்டு நிலத்தில் இருக்கின்றது. பழைய நகர் மஸ்கெலி ஓயாவின் கரையில் இருந்தது. 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் அதனை மூடிற்று. நீர் வற்றிய சேற்றுநிலத்தில் அன்று அந்தக் கோயிலைக் கண்டேன். பாசியும் சேறும் படிந்த சுவர்கள், பின்னே சிவனொளிபாதமலை. ஆற்றங்கரைச் சிற்றூரைக் காண வந்தவன், உண்மையிலேயே ஓர் ஆற்றங்கரைச் சிற்றூரின் முன் நின்றேன். அவன் சொன்னது மெய். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அது மெய்யாகவே நீரின் அடியிற் கிடந்திருக்கின்றது.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையிலே கைகூப்பி நின்றேன். எதற்காக மன்னிப்புக் கேட்பது, யாரிடம் கேட்பது என்பது விளங்கவில்லை. அவன் தமிழகத்தில் எவ்வூரில் இருக்கின்றானோ, இருக்கின்றானோ இல்லையோ, அறியேன்.

கல்லூரியின் விழா மலருக்கு ஏதேனும் எழுதுக எனப் பணித்தார்கள். வாயிலினுள்ளே புகுந்தவர் பெயரெல்லாம் கல்லூரிப் பதிவேட்டில் உண்டு. வாயிலின் வெளியே சோற்றுப் பாத்திரத்துடன் நின்ற ஒருவனையும், பெயர் கூற இயலாவிடினும், இம்மலரின் ஒரு பக்கத்தில் நிறுத்திவைக்க விரும்பினேன். இன்று பயிலும் தம்பிமாருக்கு இம்முதியவன் கூறுவது ஒன்றே: உமக்குச் சோறு கொண்டு வருபவரின் பெயரைக் கேட்டறிந்து கொள்ளுங்கள்; அவர் தம் ஊரைப் பற்றிக் கூறினால் சிரியாது கேளுங்கள்.