நகையை மீட்க வந்தவர்

எங்கள் வீட்டில் புகையிலைக்கு இடம் இருந்தது. சிகரெட்டுக்கு மட்டும் இல்லை. தாத்தா பொடி போடுவார். காய்ந்த வாழைச் சருகில் மடித்துக் கட்டிய பொடி மட்டையைக் கும்பகோணம் கடைத்தெருவிலிருந்து வாங்கி வருவது பேரப்பிள்ளைகளான எங்கள் வேலை. ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சி, விரலை உதறி, பலமாக ஒரு தும்மல் போட்டு, "முருகா!" என்பார். அதற்காக அவர் எவர் முன்னிலையிலும் கூச்சப்பட்டதை நான் கண்டதில்லை. பாட்டியோ வெற்றிலையோடு சிறிது புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டே கந்த புராணக் கதை சொல்லுவாள். போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து இறங்கிய இலை, நானூறு ஆண்டுகளில் எங்கள் கூடத்துத் திண்ணையில் இவ்வளவு உரிமையோடு உட்கார்ந்துவிட்டது.

அண்ணன் கல்லூரியில் சேர்ந்த பிறகு கொல்லைக் கிணற்றடிக்குப் பின்னால் சிகரெட் பிடிக்கத் தொடங்கினார். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் இருமிக் காட்ட வேண்டிய காவற்காரன் நான். அண்ணனைவிட எட்டு வயது இளையவன். மென்று துப்பத் துளசி இலையும் நானே பறித்து வைத்திருப்பேன். அப்பாவுக்குத் தெரிந்திருந்தது என்றே இப்போது நினைக்கிறேன். கிணற்றடிக்கு வருவதற்குமுன் அவர் வேண்டுமென்றே செருப்பை அழுத்தித் தேய்த்து நடந்தார் போலிருக்கிறது.

1978இல் அண்ணன் லண்டன் சென்றார். கணக்காளர் வேலை. அங்கேயே குடும்பம், வீடு, ஓய்வு எல்லாம் அமைந்தன. எனக்கு வங்கிப் பணி; ஊர் ஊராக மாறுதல். நான் பணியில் சேர்ந்த நாட்களில் மேலாளர் மேசைமீது கடன் விண்ணப்பங்களுக்குப் பக்கத்தில் சாம்பல் கிண்ணம் இருக்கும். வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்தால் மேலாளர் சிகரெட் பெட்டியை அவர்பக்கம் நகர்த்துவது உபசாரம். 2008 அக்டோபர் 2ஆம் தேதி பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கும் விதிகள் நடைமுறைக்கு வந்தபோது அந்தக் கிண்ணங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. சிலவற்றில் குண்டூசி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் பழக்கம் ஏற்படவில்லை. அதில் என் பெருமை ஒன்றுமில்லை. காப்பி என்னை முழுமையாக ஆட்கொண்டுவிட்டபடியால் வேறெதற்கும் இடமில்லாமற் போயிற்று.

சில ஆண்டுகளுக்குமுன் அண்ணனுக்கு மூச்சு இளைப்பு அதிகமாயிற்று. நுரையீரலின் காற்றுக்குழாய்கள் நாளடைவில் குறுகிப்போகும் நோய் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். சிகரெட்டை நிறுத்தியே ஆகவேண்டும் என்றார்கள். நாற்பத்தைந்து ஆண்டுப் பழக்கம். மூன்று முறை நிறுத்தி மூன்று முறையும் திரும்பிப் போனார். நான்காம் முறை, மருத்துவரின் ஆலோசனைப்படி இ-சிகரெட்டுக்கு மாறினார்.

இதை வாசிக்கும் அன்பர்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நம் நாட்டில் அதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமிப்பு அனைத்தும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டிருக்கின்றன. பேனாவைவிடச் சற்றுப் பருத்த கருவி. உள்ளே ஒரு மின்கலமும், சூடேறும் கம்பிச் சுருளும், நிக்கோடின் கலந்த திரவமும் இருக்கும். உறிஞ்சும்போது திரவம் சூடாகி ஆவியாகிறது. எதுவும் எரிவதில்லை, ஆகையால் சிகரெட்டில் உள்ள தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் உண்டாவதில்லை. இன்று உலகெங்கும் விற்கும் இக்கருவிக்கு வழிவகுத்தவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர் என்பார்கள். கடுமையாகப் புகைபிடித்த அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். இங்கிலாந்தில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்னும் மருத்துவர் அமைப்பு, சிகரெட்டை விட முடியாதவர்கள் இதற்கு மாறுவதை ஊக்குவிக்கலாம் என்று 2016இல் அறிக்கை வெளியிட்டது. தீங்கே இல்லாதது என்று அங்கேயும் யாரும் சொல்லவில்லை. புகைபிடிக்காதவர்கள் தொடவே கூடாது என்றும் சேர்த்தே சொல்கிறார்கள். இங்கே தடை, அங்கே மருத்துவர் பரிந்துரை. இரண்டு நாடுகளும் இரண்டு விதமாகக் கணக்குப் பார்க்கின்றன. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் அண்ணன் ஒருவரைப் பற்றித்தான்.

2024 கோடையில் நானும் என் மனைவியும் லண்டன் சென்று அவர்கள் வீட்டில் ஒன்றரை மாதம் தங்கினோம். முதல் இரண்டு நாட்கள் அண்ணன் அடிக்கடி தோட்டத்துப் பக்கம் போய் வருவதைக் கவனித்தேன். மூன்றாம் நாள் தற்செயலாகச் சன்னல் வழியே பார்த்தேன். செடிக் கொட்டகைக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி, கைக்குட்டையை வாயருகே பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கைக்குட்டைக்குள் அந்தக் கருவி. வெண்ணிற ஆவி அவர் தலைக்குமேல் எழுந்தது. எழுபத்து மூன்று வயதில் என் அண்ணன் மீண்டும் கிணற்றடிக்கு வந்துவிட்டார். இம்முறை அவர் ஒளிந்துகொண்டது என்னிடமிருந்து!

நம் குடும்பங்களில் இளையவன் மூத்தவர் எதிரில் புகைபிடிக்கமாட்டான். மூத்தவர் இளையவனுக்கு அஞ்சி மறைவதை நான் அறிந்ததில்லை. எனக்கு அது சிரிப்பாக இல்லை. நெஞ்சில் என்னவோ செய்தது. அன்று மாலை தேநீர் குடிக்கும்போது, "அண்ணா, குளிரில் தோட்டத்துக்குப் போகவேண்டாம். இங்கேயே இருங்கள். அண்ணி எல்லாம் சொல்லியிருக்கிறார்கள்" என்றேன். அவர் முகம் சிவந்தது.

பிறகு மெல்லமெல்லப் பேசினார். "தம்பி, சிகரெட் பிடிக்கிற கிழவனை இந்த ஊரில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இதை வாயில் வைத்தால் பேருந்து நிறுத்தத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துச் சிரிக்கிறார்கள். இது அவர்கள் வயசுப் பொருள். தாத்தா கையில் பொம்மை மாதிரி தெரிகிறது. புகை வேறு இத்தனை பெரிதாக வருகிறது. பழ வாசனை வேறு!"

கோவிலுக்கும் அவர் போவதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஹைகேட்டில் ஆர்ச்வே சாலையிலுள்ள முருகன் கோவில் அவருக்கு உயிர். இலங்கைத் தமிழ் அன்பர்கள் முன்னின்று எழுப்பி, 1986இல் குடமுழுக்குக் கண்ட தலம். 2002இல் எலிசபெத் அரசியார் அங்கு வருகை தந்ததை அண்ணன் எனக்கு நான்கு பக்கக் கடிதமாக எழுதியிருந்தார். அந்தக் கோவிலுக்கு இப்போது அண்ணியைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"உள்ளே போய் நின்றால் முருகன் கண்ணுக்குத் தெரிவதில்லை. பின்னால் நிற்பவர் என் சட்டையை முகர்கிறாரோ என்றுதான் தோன்றுகிறது."

பல ஆண்டுகள் சிகரெட் வாசனையோடு அந்தச் சன்னதியில் நின்றவர். அன்று வராத கூச்சம், அதை விட்ட பிறகு வந்திருக்கிறது. பேச்சின் முடிவில் அவர் எழுந்து போய், மாட்டியிருந்த கோட்டுப் பையிலிருந்து ஒரு சிகரெட் பெட்டியை எடுத்துக் காட்டினார். உறை பிரிக்கப்படவில்லை. வாங்கி இரண்டு வாரமாகிறதாம். "இதற்கே திரும்பிவிட்டால் யாரும் சிரிக்கமாட்டார்கள்" என்றார்.

எனக்குப் பயமாகிவிட்டது. மருத்துவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பயனில்லை. அதை அவர் என்னைவிட நன்கு அறிவார். என்னிடம் இருந்தது முப்பத்தாறு ஆண்டு வங்கி அனுபவம் ஒன்றுதான். அதிலிருந்து ஒன்றைச் சொன்னேன்.

கிராமத்துக் கிளையில் நகைக்கடன் பிரிவைச் சில ஆண்டுகள் பார்த்தேன். வாகனக் கடனுக்கு வருபவர் மேலாளர் அறைக்குள் நிமிர்ந்து வருவார். நகையை அடகு வைக்க வருபவரோ தூணோரம் நிற்பார். பெண்களாயின் முந்தானையை முகத்தருகே இழுத்துக்கொள்வார்கள். மதிப்பீட்டாளர் உரைகல்லில் நகையைத் தேய்க்கும்போது வேறு எங்கேயோ பார்ப்பார்கள். இருவரும் கடன்காரர்களே. ஆனால் ஒருவருக்குக் கூச்சமில்லை; மற்றவருக்குத் தெரிந்தவர் யாரேனும் உள்ளே வந்துவிட்டால் உயிர் போய்விடும். என்னை அதைவிட வியக்க வைத்தது வேறொன்று. அறுவடை முடிந்து, அசலும் வட்டியும் கொண்டுவந்து நகையை மீட்க வருகிற அதே மனிதர்களும் அதே தூணோரம், அதே குனிந்த தலையோடுதான் நிற்பார்கள். பார்ப்பவருக்கு வைக்க வந்தவரா மீட்க வந்தவரா என்று தெரியாதல்லவா? கவுண்டருக்கு உள்ளே இருக்கும் எனக்கு மட்டும் தெரியும். ரசீதைப் பார்த்தே பெயர் சொல்லாமல் கையொப்பம் வாங்கி, நகைப் பையை மேசைக்கு அடியாகவே நீட்டிவிடுவேன். நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பதில்லை. பழைய காசாளர் ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்த மரியாதை அது.

"அண்ணா, நீங்கள் அடகு வைக்க வந்தவரைப் போல நிற்கிறீர்கள். நீங்கள் மீட்க வந்தவர். வெளியில் நிற்கிறவனுக்கு அது தெரியாது. உள்ளே இருப்பவனுக்குத் தெரியாதா?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. "டீ ஆறிப்போச்சு" என்றார்.

சில நாட்கள் கழித்து ஆடிக் கிருத்திகை வந்தது. காரை நிறுத்திவிட்டு, கருவியைக் கைக்குட்டையோடு காரிலேயே வைத்துப் பூட்டிவிட்டு எங்களோடு உள்ளே வந்தார். கடைசி வரிசையில்தான் நின்றார். தீபாராதனையின்போது திரும்பிப் பார்த்தேன், கண் மூடியிருந்தது. யாரும் யாரையும் முகரவில்லை. அபிஷேகப் பாலும் சந்தனமும் கற்பூரமும் நிறைந்த இடத்தில் ஒருவர் சட்டை வாசனையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குத் தனித் திறமை வேண்டும். வெளியில் வந்ததும் பக்கத்துத் தெருவுக்கு நடந்தார். நானும் போய்ச் சாலைப் பக்கமாக நின்றுகொண்டேன், பழைய காவற்காரனாக. அந்தச் சிகரெட் பெட்டி என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு ஆவணியில் அம்மாவின் திதிக்கு அண்ணன் ஊருக்கு வந்தார். கருவியை இந்தியாவுக்குக் கொண்டுவர முடியாது, தடை இருக்கிறது. ஆகையால் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோடின் பட்டையோடு வந்தார். திதி முடிந்து, திருச்செந்தூர் போகவேண்டும் என்றார். ஜூலை 7ஆம் தேதி குடமுழுக்கு நடந்து கூட்டம் சற்றே தணிந்திருந்த சமயம். கோவில் வாசலில்தான் எங்கள் இருவருக்கும் நினைவு வந்தது: அங்கே ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்லவேண்டும். அண்ணனின் வலது புயத்தில் அந்தப் பட்டை, ஊரெல்லாம் பார்க்கும்படி!

துண்டை எடுத்துத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார். வரிசை நகரும்போதெல்லாம் துண்டு நழுவியது. நழுவ நழுவ இழுத்துக்கொண்டே வந்தார். எங்களுக்குப் பின்னால் ஒரு பெரியவர், எண்பதைத் தாண்டியிருப்பார். நெற்றி நிறைய நீறு. வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், "அடி கிடி பட்டிருக்கா?" என்று கேட்டுவிட்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் முந்திக்கொண்டார்.

"இல்லைங்க. ரொம்ப வருஷமா சிகரெட் பழக்கம். விடறதுக்காகப் போட்டிருக்கிறது."

பெரியவர் பட்டையை அருகில் வந்து உற்றுப் பார்த்தார். "நம்ம ஊரில் கிடைக்குமா? என் மகனுக்குக் கேட்கிறேன்" என்றார். பிறகு இருவரும் வரிசை முழுவதும் அதையே பேசிக்கொண்டு போனார்கள். எந்த மருத்துவரைப் பார்க்கவேண்டும், தூக்கம் கெடுமா, அரிக்குமா என்றெல்லாம். துண்டு எப்போதோ இடுப்புக்கு இறங்கிவிட்டிருந்தது. சன்னதி வந்ததைக்கூட நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

போன வாரம் அண்ணன் அலைபேசியில் பேசினார். திரவத்தின் அளவு மில்லிலிட்டருக்கு 12 மில்லிகிராம் நிக்கோடினிலிருந்து 6க்கு இறங்கியிருக்கிறதாம். அடுத்தது 3 என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் காரை எடுக்காமல் ரயிலில் கோவிலுக்குப் போகிறார். திரும்பும்போது ஹைகேட் நிலையம்வரை ஏற்றம். முன்பெல்லாம் மூச்சு வாங்கி மூன்று இடங்களில் நின்றவர், இப்போது ஒரே இடத்தில் நின்று போய்விடுகிறாராம்.