அரை இட்லியின் கணக்கு

வயிற்றைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை எனக்கு நடந்து பத்து மாதங்கள் ஆகின்றன. மாணவர்களின் தாய்மார் மூவரும், உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவரும் இதற்குள் ஒரே கேள்வியைத் தனித்தனியே, குரலைத் தாழ்த்திக் கேட்டுவிட்டார்கள். "இப்போ என்னதான் சாப்பிடுறீங்க டீச்சர்?" நால்வருக்கும் நான்கு முறை தாழ்ந்த குரலில் விடை சொல்வதைவிட ஒரு முறை எழுதிவிடுவது எளிது. நான் மருத்துவர் அல்லள், தமிழாசிரியை. ஆகவே என் தட்டில் இருப்பதையும், என் உணவியல் வல்லுநர் எனக்கு விளக்கியதையும் மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றை அவரவர் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குச் செய்தது 'ஸ்லீவ்' எனப்படும் முறை. இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டி நீக்கிவிடுகிறார்கள். எஞ்சுவது ஒரு வாழைப்பழம் போன்ற குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு பெரும்பாலும் நீக்கப்படும் பகுதியில்தான் உண்டாகிறது. அதனால் முதல் சில மாதங்களில் பசி என்ற உணர்வே அரிதாகிவிடுகிறது. (1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்தது வேறு வகை. இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் 'பைபாஸ்' அது.) பதினாறு ஆண்டுகளாக நீரிழிவோடு வாழ்ந்தவள் நான். 'அவ்வளவு குண்டாகவா இருந்தாய்?' என்று வியந்த உறவினர்களுக்கு ஒரு செய்தி: ஆசியர்களின் உடலில், அதிலும் நம்மவர் உடலில், குறைந்த எடையிலேயே கொழுப்பு மிகுந்துவிடுகிறது. அதனால்தான் 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 27.5 ஆனாலே ஆசியர்க்கு ஆபத்து அதிகம் என்று வரையறுத்தது.

முதல் வாரங்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. மருந்து ஊற்றும் சிறு குவளையில் முப்பது மில்லி நீர், சற்றுப் பொறுத்து இன்னொரு குவளை, இப்படியே நாள் கழிந்தது. வடிகட்டிய ரசம் குடிக்கலாம் என்று அனுமதி வந்த நாளில் எனக்குக் கண் கலங்கியது. பிறகு மசித்த உணவு, அதன்பின் மென்மையான உணவு. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்தே வழக்கமான உணவு, அதுவும் அரைக் கிண்ணம்.

அந்த அரைக் கிண்ணத்தை எதனால் நிரப்புவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்றார் உணவியல் வல்லுநர். கிடைக்காவிட்டால் உடல் தன் தசையையே கரைத்துக்கொள்ளும். நம் சமையலை இந்தக் கணக்கில் நிறுத்திப் பார்த்தபோது எனக்குத் திகைப்பாக இருந்தது. ஓர் இட்லியில் சுமார் 2 கிராம் புரதம்தான். அரை இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடும் எனக்கு அதில் கிடைப்பது ஒரு கிராம்! நீர்த்த சாம்பாரில் பருப்பைத் தேடத்தான் வேண்டும். கெட்டியாக வேகவைத்த பருப்பு அரைக் கிண்ணமென்றால் 7 முதல் 9 கிராம் வரை. ஒரு முட்டையில் 6, ஒரு பெரிய குவளைப் பாலில் 8. 'சைவமே ஆரோக்கியம்' என்று வாதிடும் நண்பர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் சோற்றை மலையாகக் குவித்துப் பருப்பை நெற்றித் திலகமாக இடும் நம் தட்டு, இந்த வயிற்றுக்கு உதவாது.

எனவே தேக்காச் சந்தையில் என் பாதை மாறியது. முன்பு காய்கறியும் தேங்காயும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். இப்போது முதலில் மீன் கடைப் பக்கம். துண்டு போட்ட மீனை இஞ்சியோடு ஆவியில் வேகவைத்தால் மெல்ல எளிது, தொண்டையிலும் நிற்பதில்லை. கோழியின் நெஞ்சுக்கறி மாறாக நார்நாராய் நின்று வதைக்கும். அடுத்து தவ்வுக் கடை. கெட்டித் தவ்வு 100 கிராமில் 12 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது. மலாய்க்காரர்களின் தெம்பேயில் அதைவிடவும் கூடுதல், ஏறத்தாழ 19. தெம்பேயை மிளகும் சீரகமும் சேர்த்து வதக்கினால் நம் வாய்க்குப் பழகிய சுண்டல்போல் ஆகிவிடுகிறது. இத்தனை ஆண்டுகள் சிங்கப்பூரில் வாழ்ந்தும் இதை வாங்காமலே இருந்திருக்கிறேன்.

தட்டில் உண்ணும் வரிசையும் மாறியது. புரதம் முதலில், காய் அடுத்து, இடமிருந்தால் சோறு. பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. இன்னொரு விதி, சாப்பிடும்போது நீர் கூடாது, சாப்பிட்டபின் அரைமணி நேரம் கழித்தே குடிக்கலாம். இலைக்குப் பக்கத்தில் குவளை நீரை வைத்துப் பழகிய நமக்கு இது கடினம். திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தை வகுப்பில் நடத்தியபோதெல்லாம், மருந்தின் பெயரைச் சொல்லாமல் உண்ணும் அளவையும் செரிமானத்தையுமே வள்ளுவர் பேசுகிறாரே என்று மாணவர்கள் குறைப்பட்டதுண்டு. இப்போது கேட்டால் அவர்களுக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது.

இனி எழுதப்போவதுதான் முக்கியம். அவசரமாகப் படிப்பவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள்.

ஏழாம் வாரத்தில் எனக்கு வாந்தி தொடங்கியது. மசித்ததை விழுங்கினாலும் வெளியே வந்தது. குழாய் ஓரிடத்தில் சற்றுக் குறுகியிருந்ததே காரணம் எனப் பின்னர்த் தெரிந்தது. சிலருக்கு அவ்வாறு ஆவதுண்டாம், யார் குற்றமும் இல்லை. பத்தாம் நாள் உணவியல் வல்லுநரிடம் தொலைபேசியில் பேசும்போது, கால் விரல்கள் மரத்துப்போகின்றன என்றும் சொன்னேன். அவர் குரல் மாறியது. "இப்பவே கிளம்பி வாங்க, நாளைக்கு வேணாம்," என்றார். அன்று மாலையே குளுக்கோசுக்கு முன்னதாகத் தயமின், அதாவது வைட்டமின் பி1, நரம்பு வழியே ஏற்றினார்கள். உடல் இந்த வைட்டமினை இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் சேமித்து வைப்பதில்லை. உண்பதும் நிற்காமல் வெளியேறினால் நரம்பும் மூளையும் பாதிக்கப்படும், சிலவேளை மீளாமலும் போகும். குளுக்கோசை மட்டும் ஏற்றினால் இருக்கும் சிறிதளவும் செலவாகிவிடும். இந்த நோயின் பெயரைக் கேட்டபோது நான் வியந்தேன். பெரிபெரி!

பாட்டியின் வாயால் கேட்ட பெயர் அது. அவருடைய தந்தை மலாயாவில் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர். அக்காலத்தில் பெரிபெரி மலாயாவில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. ஆனால் தமிழ்த் தொழிலாளர்களை அவ்வளவாகத் தொடவில்லை. தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்களையே வாட்டியது. இந்த வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கிய மருத்துவர் பிராடன், அரிசியே காரணம் என 1907இல் நூலெழுதினார். அதே காலத்தில் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் நெகிரி செம்பிலானில் ஜாவானியத் தொழிலாளர்களிடையே ஆய்ந்து, தீட்டும்போது நீங்கும் பகுதியில்தான் காக்கும் பொருள் உள்ளது என்ற முடிவுக்கு வந்தார்கள். நம்மவர் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமினில் ஒரு பகுதி மணிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய பின்னும் அது எஞ்சுகிறது. முப்பாட்டனைக் காத்த அரிசியைக் கொள்ளுப்பேத்தியால் ஒரு கரண்டிக்குமேல் உண்ண முடியவில்லை. ஆகவே மாத்திரை. வாந்தி சில நாள் தொடர்ந்தாலோ, கை கால் மரத்தாலோ, நடை தடுமாறினாலோ, 'அறுவைக்குப் பின் இது வழக்கம்தான்' என்று வீட்டில் இருக்காதீர்கள்.

எனக்குக் குறுகிய இடத்தை உள்நோக்கி வழியே விரித்துவிட்டார்கள். ஒரு மாதத்தில் மரத்துப்போதல் நீங்கியது.

மாத்திரைகள் வாழ்நாள் முழுதும் உண்டு: பல்வைட்டமின், பி12, இரும்பு, கால்சியம், டி. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது என்பதால் காலைத் தேநீரை நான் பத்து மணிக்குத் தள்ளிவிட்டேன். அதுவும் 'தே ஓ கொசோங்', பாலும் சர்க்கரையும் இல்லாதது. தே தாரிக்கை மறக்க நாளாயிற்று.

நான்காம் மாதத்தில் முடி கொட்டியது. முகம் ஒடுங்கியது. சிராங்கூன் சாலையில் எதிர்ப்பட்டவர்கள் என்ன நோய் என்று கேட்காமல் கண்ணாலேயே கேட்டார்கள். 1992 முதல் 2007 வரை நம் பள்ளிகளில் 'டிரிம் அண்ட் ஃபிட்' என்றொரு திட்டம் இருந்தது நினைவிருக்கலாம். பருத்த பிள்ளைகளைத் தனியே பிரித்து ஓடவிடுவார்கள். அன்று தலைகுனிந்து ஓடிய பிள்ளைகளின் முகத்தை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். பருத்தாலும் மெலிந்தாலும் பிறர் கண்ணுக்கு நம் உடல் பொதுச் சொத்துதான் போலும்.

விருந்துகள்தாம் இன்னும் சிக்கல். தீபாவளியன்று பெரியம்மா வீட்டில் இலையில் நான் மீன் துண்டையும் இரண்டு வாய்க் கூட்டையும் உண்டு கையை எடுத்ததும், "என்னம்மா, காக்கா கொத்துற மாதிரி? நான் சமைச்சது பிடிக்கலையா?" என்றார். விளக்கம் சொல்லிப் பயனில்லை. "ஒரு டப்பாவில் போட்டுக் கொடுங்க பெரியம்மா, மூணு நாளைக்கு வச்சு சாப்பிடுறேன்," என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கு போனாலும் கைப்பையில் ஒரு காலி டப்பா இருக்கிறது.

கேட்டவர்களுக்காக என் அடையின் அளவு: பாசிப்பருப்பு ஒரு கிண்ணம், கடலைப்பருப்பு அரை, உளுந்து கால், புழுங்கல் அரிசி கால். நான்கு மணி நேரம் ஊறவைத்து, இஞ்சி, மிளகு, சீரகத்தோடு நைசாக அரைக்கவும். கொரகொரப்பாக அரைத்தால் சுவை கூடும், ஆனால் புது வயிறு ஏற்காது. உள்ளங்கை அளவில், மெல்லியதாக, மொறுகவிடாமல் சுடவும். ஒன்று போதும். ஆறாம் மாதத்துக்கு முன் செய்து பார்க்க வேண்டாம்.