சுவரைத் தட்டிப் பார்த்தது

‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்’ என்று மொழிந்த நம் முன்னோர், பிறர் கட்டிய வீட்டை வாங்கிப் பார் என்று மொழியாது விடுத்தமைக்குக் காரணம் யாதோ, அறியேன். குடியிருந்த வீட்டை விற்போர் அக்காலத்தில் அரியர் போலும். இக்காலத்து ஓசூரின் நிலை அதுவன்று.

1971-ஆம் ஆண்டில் தோன்றிய சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. 1980-இல் அசோக் லேலண்டின் தொழிற்சாலையும், அதனை அடுத்த ஆண்டுகளில் டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் எழுந்தன. கர்நாடக எல்லையை ஒட்டிய அவ்வூருக்கு இளைஞர் பலர் தென்மாவட்டங்களினின்றும் வந்து குடியேறி, பாகலூர்ச் சாலை, தளிச் சாலை, மத்திகிரி ஆகிய புறநகர்களில் பெங்களூர் வழக்கப்படி முப்பதுக்கு நாற்பது அடி மனை வாங்கி வீடு கட்டினர். அவ்விளைஞர் இன்று முதியோராயினர். அவர் கட்டிய வீடுகளும் முதுமை எய்தின. மக்கள் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ்தலின் அவ்வீடுகள் பல விலைக்கு வருகின்றன.

என் தமக்கையின் கணவர் அங்ஙனம் சென்றவருள் ஒருவர். ஆயின் வீடு கட்டாதவர். முப்பத்தேழு ஆண்டுகள் வாடகை வீட்டிலேயே இருந்து, 2024-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். கையில் இருந்தது சேமநிதிப் பணம் ஒன்றே. அவ்வாண்டு ஜூன் திங்களில் ஓசூரில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று சட்டசபையில் அறிவிப்பு வந்ததும், தரகர்தம் நாவிற்குச் சிறகு முளைத்தது. பாகலூர்ச் சாலைக்கு அணித்தாய் 1987-இல் கட்டிய வீடு ஒன்றைக் காட்டிய தரகர், அடுத்த வெள்ளிக்குள் முன்பணம் தராவிடின் பெங்களூர்க்காரர் ஒருவர் கொண்டுபோய்விடுவார் என்று அவசரப்படுத்தினார். அத்தகைய பெங்களூர்க்காரர் ஒருவர் ஒவ்வொரு வீட்டிற்கும் உளர் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

தமக்கை என்னை அழைத்து, “வில்லங்கச் சான்று பார்த்தாயிற்று, பத்திரமும் வக்கீல் பார்த்துவிட்டார். வீட்டை யார் பார்ப்பது?” என்று வினவினாள். அவ்வினா என்னைச் சிந்திக்கச் செய்தது. அமெரிக்க நாட்டில் வீடு வாங்குவோர் பரிசோதகர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்துதல் பெருவழக்கு. அவர்தம் சங்கம் ஒன்று 1976-லேயே தோன்றியுளது. நம் நாட்டில் வங்கியின் மதிப்பீட்டாளர் வருவார். அவர் நோக்குவது கடனுக்கு ஈடாகுமா என்பதையே. 2016-ஆம் ஆண்டின் சட்டம் கட்டடக் குறைக்கு ஐந்தாண்டுப் பொறுப்பு விதிப்பது புதிய வீடு கட்டி விற்போர் மீது. பழைய வீட்டிற்கு எஞ்சியிருப்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவே. வாங்குபவன் சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாத பெருங்குறையை விற்பவன் அறிந்திருப்பானாயின், அதனை அவன் வெளிப்படுத்தல் வேண்டும் என்கின்றது அது. கண் திறந்து பார்த்தால் தெரியும் குறைக்குப் பார்க்காதவனே பொறுப்பாளி என்பது இதனாற் போதரும்.

ஆதலின் நாற்பதாண்டு அனுபவமுடைய மேஸ்திரி ஒருவரை அழைத்துக்கொண்டு சென்றேன். நம் கலாசாலையின் இரசாயனக் கூடத்தில் என்னுடன் பயின்றோர்க்கு நினைவிருக்கும் பினாப்தலீன் கரைசல் ஒரு சிறு புட்டியில் என் சட்டைப் பையில் இருந்தது. அதன் காரணத்தைக் கூறுவல். சிமெண்டு நீருடன் கூடி இறுகுங்கால் கான்கிரீட்டினுள் காரத்தன்மை மிகுதியாகத் தங்கும். அக்காரம் உள்ளவரையில் உள்ளிருக்கும் கம்பி எளிதில் துருவேறாது. ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகளின் வழியே புகுந்து அக்காரத்தை அழிக்கின்றது. அழிவு கம்பியை எட்டி, ஈரமும் கூடுமாயின் துரு தோன்றும். துருவோ, தான் பிறந்த இரும்பினும் பன்மடங்கு இடங்கொள்வது. ஆகவே கம்பியின் கீழுள்ள காரையைப் பிளந்து வீழ்த்தும். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் ஒரு துளி பினாப்தலீன் விட்டால், காரம் உள்ள இடம் இளஞ்செந்நிறம் பெறும். காரம் அழிந்த இடம் நிறமின்றி நிற்கும்.

வீட்டிற்குரிய அம்மையார் எழுபது வயது கடந்த கைம்பெண். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுவார். மகன் பெங்களூரில் இருத்தலின் அவ்விடம் செல்ல எண்ணியிருந்தார். அவர் எமக்குக் காப்பி கொடுத்து அமரச் செய்ய, மேஸ்திரி சுத்தியலின் பின்புறத்தால் சுவரையும் தளத்தையும் தட்டத் தொடங்கினார். பிறர் வாழ்ந்த வீட்டை, அவர் கண்ணெதிரே தட்டிப் பார்ப்பது எத்துணைக் கூச்சந் தருவது என்பதை அன்றே உணர்ந்தேன். பெண் பார்க்கச் சென்ற இடத்தில் பல்லை எண்ணிப் பார்ப்பது போன்றதொரு செயல் அது. ஆயினும் முப்பத்தேழு ஆண்டு உழைப்பை நினைந்து வாளாவிருந்தேன்.

கருங்கல் அஸ்திவாரத்தில் குறையில்லை. மின்கம்பிகளில் பாதிக்கு நில இணைப்பு இல்லை. அவற்றை மாற்றியே ஆகவேண்டும். பின்கட்டில் குளியலறைத் தளத்தைத் தட்டியபோதுதான் ஓசை மாறிற்று. கூடத்தில் ‘டங்’ என்றது, அங்கே ‘பொத்’ என்றது. புதிதாக அடித்த வெள்ளையின் கீழே நீர்க்கறை மங்கலாகத் தெரிந்தது. வெயிலுக்கு நேற்றுத்தான் அடித்தோம் என்று தரகர் ஏதோ சொல்லத் தொடங்கினார்.

“அது ஒழுகும், தம்பி,” என்றார் அம்மையார். “மூன்று மழையாக ஒழுகுகிறது. சொல்லாதே என்று இவர் சொன்னார். நான் எப்படிச் சொல்லாமல் இருப்பேன்?”

அவர் உடன்பாட்டுடன் இரு இடங்களில் சிறு துண்டு உடைத்தோம். பின்கட்டில் கம்பியின் ஆழம்வரை நிறமே தோன்றவில்லை. கம்பியோ செதில் செதிலாக உதிர்ந்தது. கூடத்தில், பரணின் உள்மூலையில் விட்ட துளி ஓரத்தில் ஒரு மெல்லிய வரியளவு நீங்கலாக முழுதும் செந்நிறமாயிற்று. ஒரே வீட்டில் இவ்வேற்றுமை ஏன் என்று யான் வியந்து நிற்க, அம்மையார் அண்ணாந்து நோக்கி, “இந்த நிறம் நல்லதா, கெட்டதா?” என்றார். நல்லது என்றேன்.

“கூடத்துத் தளத்திற்கு நான்தான் தண்ணீர் கட்டினேன். குழாய் கிடையாது. தெருக்கோடிக் கிணற்றிலிருந்து குடம் குடமாக இருபத்தொரு நாள் சுமந்தேன். பின்கட்டு பத்து வருஷம் கழித்துக் கட்டியது. காண்டிராக்டர் மூன்றாம் நாளே ஆளை நிறுத்திவிட்டான்.”

நீர் கட்டி நன்கு முற்றவிட்ட கான்கிரீட்டில் துளைகள் நுண்ணியவாம். கரியமில வாயு புகுதல் அரிதாம். இதனை நூலிற் பயின்ற யான், அதனைச் சுமந்த தோளை அன்றுதான் கண்டேன். மேஸ்திரி ஒன்றும் கூறாது சுத்தியலைப் பையில் இட்டார்.

ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினோம். புளூரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் எல்லையைச் சற்றே கடந்திருந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்தார்க்கு இது புதிதன்று. இதன்பொருட்டே 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பெற்றது. அக்காவிரி நீர்க் குழாய் அவ்வீட்டிற்கு வந்திருத்தலின் கிணற்று நீரைப் பிற தேவைக்கு வைத்துக்கொள்ளலாம் என முடிவு செய்தோம்.

பின்கட்டுத் தளத்தை இடித்துப் புதிதாக வார்க்கவும் மின்கம்பி மாற்றவும் ஆகும் செலவை மேஸ்திரி ஒரு தாளில் எழுதித் தந்தார். என் தமக்கையின் கணவர் அத்தாளை அப்படியே அம்மையாரிடம் காட்டினார். அவர் அத்தொகையை விலையிற் குறைக்க ஒருப்பட்டார். குறைந்ததில் தரகருக்கு மட்டும் மனமில்லை. தரகுத் தொகையும் உடன் குறைந்ததன்றோ!

தை மாதத்தில் கிரயம் முடிந்தது. பின்கட்டை இடித்து வார்த்த சில வாரங்களுக்குப் பின் அம்மையார் பெங்களூரினின்றும் தொலைபேசியில் என் தமக்கையை அழைத்தார். நலம் வினவுமுன்னரே, புதுத் தளத்திற்கு எத்தனை நாள் தண்ணீர் கட்டினாய் என்று கேட்டாராம். பதினான்கு நாள் என்றாள் தமக்கை. போதாது என்றார் அவர்.