ஜவ்வரிசி மூட்டையும் ஒரு புது டிரைவரும்!

காலேஜ் பஸ்ல ஜன்னலோர சீட்டைப் பிடிச்சு உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்துல உறுமிக்கிட்டே போற லாரிகளை எத்தனை தடவை பார்த்திருப்பீங்க? பின்னாடி எழுதியிருக்கற வாசகத்தைப் படிச்சு சிரிச்சிருப்பீங்க. ஸ்டீயரிங் பிடிச்சிருந்தவர் முகம் ஞாபகம் இருக்கா? எனக்கும் இருந்ததில்லை. என்கூட டிப்ளமோ படிச்சவன் அந்த சீட்டுல ஏறி உட்கார்ற வரைக்கும்!

மெக்கானிக்கல் முடிச்சு, ரெண்டு வருஷம் கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கி, கடைசியில ஹெவி லைசென்ஸ் எடுத்துட்டான். அது சும்மா கிடைக்காது பாஸ். 20 வயசு முடிஞ்சிருக்கணும், கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷமாவது ஆகியிருக்கணும், அதுக்கப்புறம்தான் எல்.எல்.ஆரே போட முடியும். நாமக்கல்ல லாரிக்கா பஞ்சம்? செகண்ட் டிரைவர் வேலை கிடைச்சுது. முதல் லோடு, சேலத்துல இருந்து நாக்பூருக்கு ஜவ்வரிசி. "நானும் வர்றேன்டா"ன்னு பையைத் தூக்கிட்டேன்.

ஜவ்வரிசிக்கும் நாக்பூருக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? நமக்கு அது பாயசம், வத்தல். அவங்களுக்கு விரதச் சாப்பாடு. ஆஷாட ஏகாதசி, ஷ்ராவண மாசம்னு வரிசையா விரதம் வர்றதால ஜூலையில டிமாண்ட் எகிறும். சேலம் பக்கத்து மரவள்ளிக்கிழங்கு, மராத்தி வீட்டு அடுப்புல கிச்சடியாகுது. ஒரு மூட்டை 90 கிலோ. எங்க பத்து வீல் வண்டியில 200 மூட்டை. கூட்டிப் பாருங்க, 18 டன்!

மெயின் டிரைவர் அண்ணனுக்கு இருபது வருஷத்துக்கு மேல சர்வீஸ். கிளம்பறதுக்கு முன்னாடி இரும்புக் கம்பியால ஒவ்வொரு டயரையும் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். "கணீர்னு கேட்டா காத்து இருக்குது. சொத்துனு கேட்டா இல்ல. உங்க காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலீங்களா கண்ணு?"ன்னு சிரிச்சார். நாங்க அசடு வழிஞ்சோம்.

நாக்பூர் 1,250 கிலோமீட்டருக்கு மேல. வழி எல்லாம் ஒரே ரோடுதான். கன்னியாகுமரியில இருந்து ஸ்ரீநகர் வரைக்கும் போற என்.ஹெச். 44. பழைய ஆளுங்களுக்கு அது இன்னிக்கும் 'செவன்'. 2010-ல நம்பர் மாத்தினது அண்ணன் வாய்க்கு இன்னும் தெரியாது! துங்கபத்ரா, கிருஷ்ணா, கோதாவரி, பென்கங்கான்னு ஜியாகரபி புக்குல மனப்பாடம் பண்ணின ஆறெல்லாம் வரிசையா வீலுக்கு அடியில வரும். ஆனா ரசிக்கறதுக்குத் தெம்பு வேணுமே!

சிக்பள்ளாப்பூர் தாண்டினதும் நம்ம ஆள் கையில ஸ்டீயரிங்கைக் கொடுத்தார் அண்ணன். முதல் அரை மணி நேரம் மூணு பேரும் பேசலை. கேபின் சூடு முழங்கால்ல ஏறுது. 2025 அக்டோபர் 1-க்கு அப்புறம் தயாராகற லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம்னு சட்டம் வந்தாச்சு. எங்க வண்டி அதுக்கு முந்தின பிறவி. ஜன்னல்தான் ஏ.சி.!

சாப்பாட்டுக்கு தாபாவையே நம்ப முடியாது. காசு கட்டாது, வயிறும் தாங்காது. கூத்தி கோட்டை தெரியற மாதிரி ஒரு புளியமரத்தடியில வண்டியை ஓரங்கட்டி, பம்ப் ஸ்டவ்வைப் பத்த வெச்சோம். சோறு, ரசம், சுட்ட அப்பளம். எந்த ஹாஸ்டல் மெஸ்ஸும் கிட்ட நிக்க முடியாது, சத்தியமா! குளியல் பெட்ரோல் பங்க்ல. பங்க்காரர் தண்ணி தர்றாரா, முறைக்கறாரா என்பதைப் பொறுத்து அன்னிக்கு நீங்க சுத்தமானவரா இல்லையாங்கறது முடிவாகும்.

தூக்கம்தான் பெரிய விஷயம். 1961-லயே மோட்டார் தொழிலாளர்களுக்குன்னு ஒரு சட்டம் வந்துச்சு. ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல ஓட்டினா அரை மணி நேரமாவது ஓய்வுன்னு அதுல எழுதி வெச்சிருந்தாங்க. படிச்சுக் காட்டினேன். அண்ணன் சிரிச்சுட்டு, "அதை வியாபாரிகிட்டப் படிச்சுக் காட்டுங்க தம்பி"ன்னார். ராத்திரி மூணு மணிக்கு நம்ம ஆளோட கண்ணு திறந்திருந்துச்சு, ஆனா பார்க்கலை. எனக்கே புரிஞ்சுது. அண்ணன் ஒரு வார்த்தை திட்டலை. "ஓரம் கட்டு. ரெண்டு மணி நேரம் படு. லேட்டானா நான் பேசிக்கறேன்." அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆள் இல்லாம எத்தனை வண்டி ஓடிட்டிருக்குன்னு நினைச்சுப் பாருங்க.

நிர்மல் தாண்டினதும் மழை பிடிச்சுது. ஜவ்வரிசிக்கு ஈரம் எமன். காத்துல தார்ப்பாய் ஒரு மூலை கழண்டு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுது. நடுராத்திரி, இருட்டு, மேலே வழுக்கற மூட்டை. கயித்தைப் பல்லுல கடிச்சுக்கிட்டு ஏறினான். நான் கீழே டார்ச் பிடிச்சேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சுது. அரை மணி நேரம் போராடிக் கட்டினாங்க. நாக்பூர்ல இறக்கும்போது பார்த்தா ரெண்டு மூட்டை நனைஞ்சிருந்துச்சு. 200-ல ரெண்டுதானேன்னு நினைப்பீங்க. வாடகையில பிடிச்சுட்டாங்க. கயிறு கட்டினது அவன்தானே, அதனால அவன் படியில கொஞ்சம் போச்சு. மீதியை அண்ணன் தன் கணக்குல எழுதிக்கிட்டார். அதை அவன்கிட்ட சொல்லவும் இல்லை.

ரிட்டர்ன் லோடுக்கு ரெண்டு நாள் காத்துக் கிடந்தோம். ஓடாத வண்டிக்கு வருமானம் இல்லை, ஆனா பசிக்கும். அங்கதான் மத்த டிரைவர்கள்கிட்டப் பேச நேரம் கிடைச்சுது. டிரைவர்னா பொண்ணு கொடுக்க யோசிக்கறாங்கங்கறதுதான் பொது சோகம். அடுத்தது விபத்து பயம். மோதிட்டு ஓடினா 10 வருஷம் வரைக்கும் ஜெயில்னு புதுச் சட்டத்துல வந்தப்போ, 2024 ஜனவரியில வடக்கே லாரிகள் ஸ்ட்ரைக்கில நின்னது ஞாபகம் இருக்கும். ஜூலையில சட்டம் அமலுக்கு வந்தப்போ அந்தப் பிரிவை மட்டும் நிறுத்தி வெச்சாங்க. "நின்னா கூட்டம் அடிக்கும், ஓடினா சட்டம் அடிக்கும்"னு ஒருத்தர் சொன்னார். அடிபட்டவர் குடும்பம் என்ன செய்யும்னு கேட்டேன். பதில் வரலை. டீ வந்துச்சு.

கடைசியா சோயா புண்ணாக்கு லோடு கிடைச்சுது, நாமக்கல் கோழித் தீவனத்துக்கு. ஆக, உங்க காலேஜ் கேன்டீன் ஆம்லெட்டுக்குப் பின்னாடியும் ஒரு லாரி இருக்கு!

திரும்பும்போது தர்மபுரி தாண்டினா தொப்பூர் கணவாய். போகும்போது ஏத்தம், வரும்போது இறக்கம். முழு லோடோட இறக்கம். இங்கே நடந்த விபத்துகளை டி.வி.யில பார்த்திருப்பீங்க. டீசல் மிச்சமாகுதுன்னு சிலர் நியூட்ரல்ல உருட்டுவாங்க. அப்போ வண்டியைப் பிடிக்கற மொத்த பாரமும் பிரேக் மேல விழும். மிதிச்சு மிதிச்சு டிரம் சூடாகி, ஒரு கட்டத்துல மிதிச்சாலும் பிடிக்காது. அண்ணன் இடத்தை விட்டு எழுந்தார். "நீ ஓட்டு."

"நானாங்ணா?"

"நான் பக்கத்துலதான் இருக்கேன். மேலயே கியரைக் குறைச்சுக்கோ. எறங்க ஆரம்பிச்ச பின்னாடி கியரைத் தொடாத. எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்."

பின்னாடி வந்த கார்கள் எல்லாம் ஹாரன் அடிச்சே காதைக் கிழிச்சாங்க. நானே முன்னாடி கார்ல போனப்போ இப்படி அடிச்சிருக்கேன், அதை ஏன் மறைக்கணும். எஞ்சின் முனகிக்கிட்டே நடக்கற வேகத்துல இறங்குது. ஒரு வளைவுல அவன் கால் பிரேக்கைத் தேடிப் போச்சு. "லேசா... விடு. லேசா... விடு." வேற எந்தச் சத்தமும் கேபின்ல இல்லை.

கீழே வந்ததும் முதல் டீக்கடையில நிறுத்தினான். கிளாஸை எடுத்தப்போ கை நடுங்கி, பாதி டீ பேன்ட்ல கொட்டிடுச்சு. அண்ணன் கண்டுக்காத மாதிரி கடைக்காரரைப் பார்த்து, "இன்னொரு டீ போடுங்க"ன்னார். அப்புறம் இவன் பக்கம் திரும்பினார்.

"வியாழக்கிழமை அடுத்த லோடு. வீட்டுக்குப் போனா மொதல்ல தூங்கு."