பட்டை ஏற்றுவதற்கு முன்

புனேக்கு அடுத்த நிக்டி டிரான்ஸ்போர்ட் நகரிலும், போசரி தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களிலும் ஸ்பிரிங் பட்டறைகளை விசாரித்துப் போக வேண்டியதில்லை. சம்மட்டிச் சத்தமே வழி சொல்லிவிடும். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் நாம் 'பட்டை' என்று சொல்லும் லீஃப் ஸ்பிரிங்கை இங்கே மராட்டியில் 'பாட்டா' என்கிறார்கள். வடக்கேயிருந்து வந்த தொழிலாளிகளுக்கு அது 'கமானி'. பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான். சோர்ந்து தட்டையாகிப்போன பட்டைக்கு மறுபடி வளைவு கொடுப்பார்கள், முறிந்ததை மாற்றுவார்கள், கேட்டால் ஒன்றிரண்டு கூடுதலாகச் சேர்த்தும் கட்டுவார்கள். இந்தக் கடைசி வேலையைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. மஞ்சர், ஜுன்னர் பக்கமிருந்து குல்டேக்டி மார்க்கெட் யார்டுக்குக் காய்கறி ஏற்றி வரும் பிக்கப்பாக இருக்கட்டும், உயரம் கூட்டி டிரெய்லர் இழுக்கும் ஹைலக்ஸ், வி-கிராஸ் வகையறாவாக இருக்கட்டும், உரிமையாளர்கள் கேட்பது ஒன்றையேதான்: பின்னால் உட்காருகிறது, தூக்கிக் கொடுங்கள். பின்பக்கம் உட்காருவது, எவ்வளவு பாரம் எங்கே விழுகிறது என்று வண்டி நமக்குச் சொல்லும் தகவல் என்பது என் கருத்து. அதைப் படிக்காமல் உயரத்தை மட்டும் ஏற்றினால் தகவல் மறைந்துவிடுகிறது; பாரம் அப்படியே இருக்கிறது.

வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது விளங்கும். கழற்றிய பட்டைக்கட்டின் நடுவே ஒரு சென்டர் போல்ட் இருக்கிறது. அதை அப்படியே அவிழ்த்தால் அழுத்தி வைத்த பட்டைகள் விரிந்து கையைப் பதம் பார்க்கும் என்பதால், முதலில் இருபுறமும் கிளாம்ப் போட்டுப் பிறகு மெல்லத் தளர்த்துகிறார்கள். தனித்தனியாகப் பிரித்த பட்டையைப் பட்டடைக் கல்மேல் வைத்து, விரல் விரலாக நகர்த்தி, அடி ஒரே இடத்தில் இரண்டு முறை விழாதபடி தட்டுகிறார் சம்மட்டிக்காரர். ஒரே இடத்தில் விழுந்தால் வளைவு உடைந்து முனையாகிவிடும். பட்டையின் ஒரு முனைக் கண்ணிலிருந்து மறு முனைக் கண்ணுக்கு நூல் பிடித்து, நடுவில் இருக்கும் இடைவெளியை அளந்து, ஜோடிப் பட்டையோடு ஒப்பிடுகிறார்கள். பழைய கைகள் மேல்பக்கத்தைத் தடவிப் பார்க்கின்றன. பாரம் ஏறிப் பட்டை தட்டையாகும்போது இழுபடுவது அந்த மேல்பக்கம்தான்; விரிசல் அங்கேயும், சென்டர் போல்ட் ஓட்டையின் ஓரத்திலும்தான் பிறக்கும். இத்தனை நுணுக்கம் தெரிந்தவர்களிடம் நாம் கொண்டுபோய்க் கொடுக்கும் கேள்வியோ 'எத்தனை இஞ்ச்' என்பது மட்டும்.

கேட்க வேண்டியது எத்தனை கிலோ என்றுதான். ஒரே அளவுள்ள ஐந்து பட்டைகளோடு ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். 8 மி.மீ. பட்டைகளை எடுத்துவிட்டு 10 மி.மீ. போட்டால் விறைப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறும் என்பதே காரணம். ஆனால் அதே அளவு வளையும்போது தடித்த பட்டைக்குள் ஏறும் தகைவும் கால் பங்கு அதிகம். பழைய லாரியிலிருந்து எடுத்த தடித்த பட்டையைப் பிக்கப்பில் செருகுவது லாபம்போலத் தோன்றிச் சீக்கிரமே முறிவது இதனால்தான். இழுவையின் கணக்கு வேறு. 1,500 கிலோ டிரெய்லரின் மூக்கு 150 கிலோவை வண்டியின் பின்கொக்கியான ஹிட்ச்சில் வைக்கிறது என்று கொள்வோம். ஹைலக்ஸின் இரண்டு அச்சுக்கும் நடுவே 3,085 மி.மீ.; ஹிட்ச் பின்னச்சுக்கு 1,200 மி.மீ. பின்னால் இருந்தால், ஏற்றமரம்போல முன்னச்சிலிருந்து சுமார் 58 கிலோ தூக்கப்பட்டு, பின்னச்சில் 208 கிலோ விழும். ஸ்டியரிங் லேசாவதும், எதிரே வருகிறவர் கண்ணில் ஹெட்லைட் அடிப்பதும் அந்த 58 கிலோவின் வேலை. பின்பட்டையை விறைப்பாக்கினால் வண்டி பார்வைக்கு நேராகும். முன்சக்கரம் இழந்த அந்த எடை திரும்பி வராது. டிரெய்லரில் சரக்கை முன்னும் பின்னும் நகர்த்தி வைப்பதில்தான் அதற்கு மருந்து. உயரம் கூட்டிய வண்டியில் ஹிட்ச்சும் கூடவே மேலேறி டிரெய்லரை அண்ணாந்து பார்க்க வைக்கிறது. தாழ்த்திய பந்துக்கொண்டி போடாமல் பட்டையைத் தொடுவது வீண்.

பிரேக் இன்னும் முக்கியம். பல பிக்கப்புகளில் சேஸிஸுக்கும் பின்னச்சுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பி போகிறது. அதன் முனையில் பின்பிரேக் அழுத்தத்தைப் பாரத்துக்கேற்பப் பங்கிடும் வால்வு. பின்பக்கம் தாழ்ந்தால் பாரம் இருக்கிறது என்று அது புரிந்துகொண்டு அழுத்தத்தைக் கூட்டுகிறது. உயர்ந்தால் காலி வண்டி என்று குறைக்கிறது. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்தோ, பட்டை சேர்த்தோ இரண்டு இஞ்ச் தூக்கியபின் அந்தக் கம்பியைத் திருத்தி அமைக்காவிட்டால், முழுப் பாரத்தோடு இறங்கும் வண்டியைக் காலி வண்டி என்றே வால்வு எண்ணும். காத்ரஜ் புதுச் சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரை இறங்கும் சரிவை புனேக்காரர்கள் நன்றாக அறிவார்கள்; 2022 நவம்பர் 20 இரவு ஒரே லாரி அங்கே பல வாகனங்களை இடித்துத் தள்ளியது. அதற்குக் காரணம் பட்டை என்று நான் சொல்லவில்லை. அப்படிப்பட்ட சரிவில் பின்பிரேக் பாதி பலத்தில் பிடித்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்கிறேன். மின்னணு முறையில் பிரேக்கைப் பங்கிடும் புது வண்டிகளில் இந்தக் கம்பி பெரும்பாலும் இருக்காது. மற்றவற்றில் பட்டை வேலை முடிந்ததும் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது அதைத்தான்.

உயரத்துக்கு முன் பாரத்தைப் பார் என்னும் இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கிராமத்து மண்பாதையில் பாரத்தோடு போகும் வண்டி பம்ப் ரப்பரில் இடித்து இடித்தே பட்டை முறிகிறது, சேர்க்காமல் எப்படி ஓட்டுவது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அனுமதித்த எடைக்குள் தினமும் ஒரே மாதிரிப் பாரம் ஏற்றுகிறவருக்குப் பட்டை சேர்ப்பதே சரி. அதை அந்த வண்டிக்கென்றே வளைத்த பட்டையாக, இரண்டு பக்கமும் ஜோடியாகச் சேர்க்க வேண்டும். சில நாள் இழுவை, பல நாள் காலி ஓட்டம் என்பவருக்கு, பாரம் ஏறும்போது மட்டும் தொடும் அடிப்பட்டையுள்ள இரண்டு கட்ட ஸ்பிரிங்தான் பொருத்தம். அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைக்கும் காற்றுப்பைகள் உயரத்தைச் சமப்படுத்துவதில் கெட்டி. ஆனால் சேஸிஸின் ஒரே புள்ளியில் பாரத்தைக் குவிப்பவை. இரண்டையும் ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் காற்று ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு ஓடி வண்டியைச் சாய்க்கும். உயரம் கூட்டியே ஆக வேண்டுமென்றால் முழுப் பட்டைக்கட்டையும் புதிதாக மாற்றுவதே நல்லது. கட்டையடுக்கு மலிவு என்பது உண்மை. ஆனால் இழுத்துக்கொண்டு மேடேறும்போது அச்சின் முறுக்கில் பட்டை பாம்புபோல நெளிந்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட் இணைப்பைத் தின்றுவிடும்.

எந்தப் பட்டையும் ஆர்.சி.யில் எழுதிய மொத்த எடையைக் கூட்டாது. அச்சும் டயரும் பிரேக்கும் பழையவைதான். எடை மீறினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000. தயாரிப்பாளர் குறிப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்துச் சொல்லியிருக்கிறது. காதுக்குப் பஞ்சுகூட இல்லாமல் நாளெல்லாம் சம்மட்டி அடிப்பவரிடம் தவறான வேலையைக் கொடுத்துவிட்டுப் பட்டை முறிந்ததும் அவரையே குறை சொல்வது அநியாயம். ஆகவே பட்டறைக்குப் போகுமுன் எடைமேடைக்குப் போங்கள். காலி வண்டியை ஒரு தரம், பாரம் ஏற்றி டிரெய்லரும் பூட்டி ஒரு தரம், பின்னச்சை மட்டும் ஏற்றி இன்னொரு தரம் எடை போட்டு, அந்த மூன்று சீட்டுகளையும் பட்டைக்காரர் கையில் கொடுங்கள்.