குடம்புளி, தொண்ணூறு காப்ஸ்யூல்

அம்மா நியூஜெர்சிக்கு முதல்முறை வந்தது 2013 கோடையில். நாகர்கோவிலில் கிளம்பி, திருவனந்தபுரம், துபாய் என்று ஏறி இறங்கி வந்து சேர்ந்தவள், முகம் கழுவிய கையோடு பெட்டியைத் திறந்தாள். துணிமணிக்கு அடியில் தினத்தந்தியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கிய ஒரு பொட்டலம். பிரித்ததும் எங்கள் எடிசன் அபார்ட்மென்ட் முழுக்கப் புகை வாசம். அடுப்புப் புகையில் காய்ந்து கருத்துச் சுருண்ட குடம்புளி.

மறுநாள் காலையில் ஃப்ரிட்ஜ் மேல் இருந்த வெள்ளை பாட்டில் அவள் கண்ணில் பட்டது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டி வாசிக்கப் பொறுமையில்லை. ஆனால் லேபிளில் ஒரு படம் இருந்தது. சின்னப் பூசணிக்காய் போல வரிவரியாய்ப் பிதுங்கிய மஞ்சள் காய்.

"மக்களே, இது நம்ம குடம்புளியில்லா?"

ஆமாம் என்று சொல்லவே எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. கார்சினியா கம்போஜியா, கார்சினியா கம்போஜியா என்று ஆறு மாதமாகப் பல்லில் படாமல் உச்சரித்துக்கொண்டிருந்தேனே, அது எங்கள் தோட்டத்து மரம் என்று எனக்கு அதுவரை உறைக்கவில்லை. விலை கேட்டாள். குறைத்து, நாற்பது டாலர் என்றேன். அப்போது டாலர் அறுபது ரூபாய். மனக்கணக்குப் போட்டு முடித்தவள் ஒன்றும் பேசாமல் ஒரு காப்ஸ்யூலைப் பிரித்து, பொடியை உள்ளங்கையில் கொட்டி, நாக்கு நுனியில் வைத்தாள்.

"புளிக்கவே இல்லியே."

புளிக்காதுதான். அந்தக் காயில் உள்ள ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலத்தைப் பெரும்பாலும் கால்சியம் உப்பாக்கித்தான் அடைக்கிறார்கள். அதை அம்மாவுக்கு விளக்க நான் முயலவில்லை.

அந்த பாட்டில் வீட்டுக்கு வந்த கதை இது. 2003-ல் நான் இந்த நாட்டுக்கு வந்தபோது ஐம்பத்துநாலு கிலோ. பத்து வருஷத்தில் எழுபத்தொன்று. ஊரில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய் வந்தவள், இங்கே காரேஜில் கார் ஏறி ஆபீஸ் காரேஜில் இறங்குகிறேன். பால் வாங்கக்கூடக் கார். குளிர்காலத்தில் ஐந்து மாதம் உடம்பு வெளிக்காற்றே காண்பதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் டாக்டர் மெஹ்மத் ஆஸின் மத்தியான டி.வி. நிகழ்ச்சியைப் பதிவு பண்ணி வைத்து ராத்திரி பார்த்தேன். கொலம்பியா பல்கலைக்கழகத்து இதய அறுவை நிபுணர். அவர் 2012-13 வாக்கில் கார்சினியாவைக் கொழுப்பைக் கரைக்கும் புதுவரவு என்று தூக்கிப் பிடித்தார். சில நாளில் இணையம் முழுக்க விளம்பரம். "இலவசமாகச் சோதித்துப் பாருங்கள், தபால் செலவு 4 டாலர் 95 சென்ட் மட்டும்." கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுத்தேன். பதினாலு நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் மாதாமாதம் தொண்ணூறு டாலர் என்பது, பக்கத்தின் அடியில், சாம்பல் நிறப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்தில் இருந்ததாம். மூன்றாவது மாத பில்லில்தான் பார்த்தேன். அந்தக் கம்பெனியின் தொலைபேசியில் ஒரு மணி நேரம் சங்கீதம் கேட்டேன். கடைசியில் வங்கியைக் கூப்பிட்டு கார்டையே மாற்றினேன். அம்மாவிடம் நாற்பது டாலர் என்று சொன்னது இந்த வெட்கத்தில்தான்.

பணம் போன பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். குடம்புளிச் சத்தை 1998-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான ஜாமாவில் வந்தது. 135 பேர், பன்னிரண்டு வாரம். பாதிப் பேருக்கு தினம் 1,500 மில்லிகிராம் ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம், பாதிப் பேருக்கு ஒன்றுமில்லாத வெற்று மாத்திரை. எல்லோருக்கும் ஒரே சாப்பாட்டுக் கட்டுப்பாடு. புளி சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்கள் 4.1 கிலோ. அந்த வித்தியாசத்துக்குப் புள்ளியியலில் மதிப்பில்லை என்றாலும், எனக்கு அது போதுமானதாக இருந்தது. நான் பார்த்த நிகழ்ச்சிக்கு அது பதினான்கு வருஷம் முந்தைய ஆய்வு.

காபிக்கொட்டை கதை இன்னும் மோசம். அதே ஆஸ் 2012-ல் வறுக்காத பச்சைக் காபிக்கொட்டைச் சத்தையும் கொண்டாடினார். ஆதாரமாகக் காட்டிய ஆய்வு நம் பெங்களூரில் நடந்தது. வெறும் பதினாறு பேர், இருபத்திரண்டு வாரம், சராசரியாக எட்டு கிலோ குறைவு. காசு கொடுத்தது சத்தை விற்கிற டெக்சஸ் கம்பெனி. அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. தோண்டியபோது, ஆய்வை நடத்தியவர் ஆட்களின் எடையையே திரும்பத் திரும்ப மாற்றி எழுதியதும், யார் மருந்து சாப்பிட்டார், யார் வெற்று மாத்திரை சாப்பிட்டார் என்பதைக் குழப்பியதும் வெளியே வந்தன. ஆய்வில் இருந்தவர்களிடம் சாப்பாட்டைக் குறைக்கவும் உடற்பயிற்சி செய்யவும் சொல்லியிருந்தார்கள், அதையும் மறைத்துவிட்டார்கள். 2014 செப்டம்பரில் கம்பெனி 35 லட்சம் டாலர் கட்டியது. அடுத்த மாதம் கட்டுரையை எழுதியவர்களே திரும்பப் பெற்றார்கள். அதற்கு முன்பே, அந்த ஜூனில், செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் ஆஸை விசாரணைக் குழு முன்னால் உட்காரவைத்து, அறிவியல் உலகம் கிட்டத்தட்ட ஒட்டுமொத்தமாக உங்கள் எதிர்ப்பக்கம் நிற்கிறதே என்ற பொருள்படக் கேட்டார். (2025 ஏப்ரல் முதல் அதே ஆஸ்தான் முதியோர் மருத்துவக் காப்பீட்டை நடத்தும் அரசு நிறுவனத்தின் தலைவர். இந்த நாட்டில் இருபது வருஷம் கழித்தும் எனக்குப் புரிபடாதவை உண்டு.)

நான் ஏன் ஏமாந்தேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஊரில் எண்ணெய் வாங்கினால் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பேன், மிளகை விரலால் நசுக்கிப் பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று பார்ப்பேன். இங்கே வந்ததும் அந்தச் சந்தேகத்தை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டேன். அமெரிக்காவில் கடைக்கு வந்துவிட்டால் யாரோ சோதித்திருப்பார்கள் என்ற ஒரு நினைப்பு. கூடவே, மூலிகை, புளி, மஞ்சள் என்றால் நம் வீட்டுச் சங்கதி, கெடுதல் பண்ணாது என்ற இன்னொரு நினைப்பு. அந்த பாட்டில் இரண்டையும் சேர்த்து ஒரே மூடியில் அடைத்துக் கொடுத்தது.

முதல் நினைப்பு எவ்வளவு தப்பு என்பது பாட்டிலின் முதுகிலேயே அச்சாகியிருக்கிறது. 1994-ல் வந்த சட்டப்படி, டயட்டரி சப்ளிமென்ட் என்ற பெயரில் விற்கும் எதையும் விற்பனைக்கு முன்னால் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சோதித்து அனுமதிக்க வேண்டியதில்லை. உடம்புக்கு இன்னது செய்யும் என்று சொன்னால், அதை எஃப்.டி.ஏ. மதிப்பிடவில்லை, எந்த நோய்க்கும் இது மருந்தல்ல என்று ஒரு கட்டம் கட்டிப் போட்டால் போதும். எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. முன்பக்கத்தில் உரக்கச் சொன்னதைப் பின்பக்கத்தில் முணுமுணுப்பாய் வாபஸ் வாங்குவது. இப்போது எந்த பாட்டிலை எடுத்தாலும் நான் முதலில் முதுகைத்தான் பார்க்கிறேன். அங்கே "தனிப்பட்ட கலவை" என்று மொத்தமாக ஒரு எடையை மட்டும் போட்டு, எது எவ்வளவு என்று சொல்லாமல் விட்டிருந்தால் வைத்துவிடுகிறேன்.

இரண்டாவது நினைப்புக்கு வருகிறேன். குடம்புளியும் கலந்திருந்த ஹைட்ராக்ஸிகட் என்ற எடை குறைப்பு மாத்திரைகளை 2009 மே மாதம் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். கல்லீரல் பாதிப்பு முதலாக 23 பேரின் புகார் எஃப்.டி.ஏ.விடம் வந்திருந்தது. பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் இறந்திருந்தான். கலவையில் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல அப்போது முடியவில்லை. மீன்குழம்புச் சட்டிக்கு இரண்டு சுளை போட்டுக் குடும்பமே சாப்பிடுவது வேறு, பிழிந்தெடுத்த சாரத்தை மூன்று வேளை விழுங்குவது வேறு. "நூறு சதவீதம் இயற்கை" என்று விற்ற மாத்திரைகளில் சிபுட்ரமின் கலந்திருப்பதாக எஃப்.டி.ஏ. வருஷா வருஷம் எச்சரிக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010-ல் இங்கே நிறுத்தப்பட்ட மருந்து அது. எங்கள் கட்டடத்தில் ஒரு அக்கா யாரோ கொடுத்த மூலிகை காப்ஸ்யூலில் மளமளவென்று இளைத்தார். நெஞ்சு படபடப்பு, ராத்திரி தூக்கமில்லை. இளைக்கிறதே என்று அவருக்குச் சந்தோஷம். டாக்டர் நிறுத்தச் சொன்னதும் நிறுத்தினார். அதில் என்ன இருந்தது என்று யாரும் சோதிக்கவில்லை. வேலையே செய்யாத பாட்டிலைவிட, இப்படி வேலை செய்கிற பாட்டிலைப் பார்த்தால்தான் எனக்குக் கூடுதல் பயம்.

எஃப்.டி.சி. 2014-ல் பத்திரிகைக்காரர்களுக்காக ஒரு சின்னக் கையேடு போட்டது. எடை குறைப்பு விளம்பரம் இந்த ஏழு வாக்குறுதிகளில் ஒன்றைச் சொன்னாலும் பொய் என்று கொள்ளலாம், அந்த விளம்பரத்தை வாங்காதீர்கள் என்று. போன மாதம் எங்கள் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. தொப்புளில் ஒட்டிக்கொண்டு தூங்குகிற ஒரு பட்டை. பிரியாணி சாப்பிட்டாலும் பரவாயில்லை, நடக்கக்கூட வேண்டாம், முப்பது நாளில் பன்னிரண்டு கிலோ, எல்லோருக்கும் பலிக்கும், நிறுத்தினாலும் திரும்ப ஏறாது. ஏழையும் வைத்து ஒப்பிட்டேன். எதை எவ்வளவு சாப்பிட்டாலும் இளைக்கும் என்பது ஒன்று. உணவுக் கட்டுப்பாடோ உடற்பயிற்சியோ இல்லாமல் வாரம் இரண்டு பவுண்டோ அதற்கு மேலோ, ஒரு மாதமோ அதற்கு மேலோ குறையும் என்பது ஒன்று. வாரம் மூன்று பவுண்டுக்குமேல் நாலு வாரம் தாண்டியும் ஆபத்தில்லாமல் குறையும் என்பது இன்னொன்று. இந்தப் பட்டை வாரம் ஆறு பவுண்டு என்கிறது. எல்லோருக்கும், நிரந்தரமாக, உடம்பில் ஒட்டினாலோ தேய்த்தாலோ போதும் என்பவை மூன்று. கொழுப்பு உடம்பில் சேராமல் தடுக்கும் என்பதை மட்டும்தான் அவர்கள் மறந்திருந்தார்கள். ஏழுக்கு ஆறு! குழுவில் எழுதினேன். செய்தியைப் போட்டவர், "ஃபார்வர்டுதான் மேடம்" என்று ஒரு கும்பிடு போட்டார். சாயங்காலத்துக்குள் மூன்று பேர் தனியாக எனக்கு எழுதி, எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

இப்போது ஊசி மருந்துகளின் காலம். வெகோவி 2021-ல் முறையாகச் சோதிக்கப்பட்டு அனுமதி வாங்கியது. எடை நிஜமாகவே குறைகிறது, பக்கவிளைவும் உண்டு, டாக்டர் சீட்டு வேண்டும், விலையும் கடுமை. உடனே அதன் நிழலில், அதே ஊசி மருந்தின் இன்னொரு பெயரான ஓசெம்பிக்கைப் பிடித்துக்கொண்டு, "இயற்கை ஓசெம்பிக்" என்று பெர்பரின் மாத்திரை கிளம்பிவிட்டது. பெர்பரின் என்பது நம் மரமஞ்சளில் இருப்பது. அம்மா அடுத்த முறை வந்தால் எந்தப் பொட்டலத்தைப் பிரிப்பாளோ.

முதலில் சொன்னேனே, அந்த பாட்டிலை அன்று தூர எறியப் போனேன். அம்மா விடவில்லை. நல்ல இறுக்கமான மூடி, காற்றுப் புகாது என்றாள். மிச்சக் காப்ஸ்யூலைக் குப்பையில் கொட்டி, பாட்டிலை வெந்நீர் விட்டுக் கழுவி, ஜன்னல் ஓரம் காய வைத்து, கொண்டுவந்த புளியை உப்புக் கல்லோடு அதில் அடைத்தாள். ஒரு துண்டுக் காகிதத்தில் சரிந்த கையெழுத்தில் "குடம்புளி" என்று எழுதி, லேபிளின் மேல் செல்லோடேப் போட்டு ஒட்டினாள். பின்பக்கத்துக் கட்டத்தை நானும் சுரண்டவில்லை. இப்போதும் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நெய்மீன் கிடைக்கிற வாரம் இரண்டு சுளை எடுக்கிறேன்.