பத்ரியில் ஒரு கணப்பு

ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குளிர் என்பது மார்கழி விடியற்காலையில் கொள்ளிடக் கரையில் படரும் பனி மட்டுமே. அடியேனும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், வங்கிப் பணி வடக்கே ஒரு கிளைக்கு அனுப்பும் வரையில். அங்கே ஒரு தை மாதத்து இரவில், பக்கத்துக் கட்டடத்தின் காவலாளி கரிக் குமுட்டியை அறைக்குள் வைத்துக்கொண்டு, கதவையும் சன்னலையும் இறுகச் சாத்திப் படுத்தார். காலையில் கதவை உடைத்தபோது உறங்குகிறவர் போலவே கிடந்தார். உயிர் இல்லை. கரி அரைகுறையாக எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

என் மனைவிக்குப் பத்ரிநாதனைச் சேவிக்க வேண்டும் என்பது நெடுநாளைய ஆசை. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் முதலாவதான அரங்கனின் மதில் நிழலில் வாழ்ந்தும், வடநாட்டுத் திருப்பதிகள் அவளுக்கு எட்டாமலே இருந்தன. காரணம், அவளுக்கிருந்த இழுப்பு. குளிர் பட்டால் மூச்சு முட்டும். "கணப்பு மூட்டிக்கொண்டால் போயிற்று" என்று யாரேனும் சொன்னால், அந்தக் காவலாளியின் முகம் என் கண்முன் வந்து நிற்கும். பேச்சை மாற்றிவிடுவேன்.

சென்ற ஆண்டு எங்கள் இளைய மகன், படுக்கையும் சிறு சமையல் மேடையும் அமைந்த கேம்பர் வேன் ஒன்றை வாங்கினான். அதில் டீசல் ஹீட்டரும் இருந்தது. அம்மாவைப் பத்ரிக்கு அழைத்துப் போகலாம் என்றான். வண்டிக்குள் டீசல் எரிவதா என்று நான் மறுத்தேன்.

"அப்பா, தளிகைப் பாத்திரத்துக்குள் நெருப்புப் போவதில்லையே! அதைப் போலத்தான் இதுவும்" என்று அவன் விளக்கினான். ஒரு சிறு பம்பு டீசலைச் சொட்டுச் சொட்டாக மூடிய உலோக அறைக்குள் செலுத்துகிறது. மின்சாரத்தால் பழுக்கும் கம்பி அதைப் பற்றவைக்கிறது. எரிவதற்கான காற்று வண்டிக்கு வெளியிலிருந்து வருகிறது. புகையும் குழாய் வழியே வெளியே போய்விடுகிறது. உள்ளிருக்கும் காற்று அந்த உலோகத்தின் மேற்புறத்தைத் தொட்டுச் சூடேறித் திரும்புகிறதே தவிர, புகையோடு கலப்பதில்லை. கலந்தால் அறிவிக்க ஓர் எச்சரிக்கைக் கருவியும் வாங்கி மாட்டியிருந்தான்.

புதிய இயந்திரத்தை மலையில் போய்ச் சோதிக்கலாகாது என்பது என் கட்சி. ஆகவே சித்திரை வெயிலில், வீட்டு வாசலிலேயே வேனை நிறுத்தி முதன்முதலாக மூட்டினோம். அண்டை வீட்டுப் பிள்ளை, "மாமா, திருச்சி வெயில் போதவில்லையா?" என்று கேட்டுச் சிரித்தான். புது வண்ணம் சூடேறும் நெடி சிறிது வந்து அடங்கியது. பத்து நிமிடத்தில் வியர்வை பொறுக்காமல், நான் பாட்டரியின் முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டேன்.

மகன் பதறிப்போனான். நிறுத்தச் சொன்ன பின்னும் விசிறி சில நிமிடங்கள் ஓடி, உள்ளிருக்கும் சூட்டைத் தணித்துவிட்டுத் தானே அடங்க வேண்டுமாம். நடுவில் மின்சாரத்தைத் துண்டித்தால் இயந்திரம் பழுதாகும். என் மனைவி சொன்னாள்: "ஹோமம் பண்ணினால் அக்னியை யதாஸ்தானம் பண்ணித்தானே அனுப்பறோம்? இதுக்கும் அந்த மரியாதை உண்டு போலிருக்கு!" முப்பத்தைந்து ஆண்டு சுற்றறிக்கை படித்த எனக்கு உறைக்காதது அவளுக்கு உறைத்தது.

வைகாசியில் யாத்திரைப் பதிவு செய்துகொண்டு புறப்பட்டோம். மகன் வேனை ஓட்டிச் சென்றான். நாங்கள் ரயிலில் ஹரித்வார் போய்ச் சேர்ந்துகொண்டோம். அலகநந்தையும் பாகீரதியும் கூடிக் கங்கையாகும் தேவப்பிரயாகையைச் சேவித்து, ஜோஷிமட் வழியாக மூன்றாம் நாள் மாலை பத்ரியை அடைந்தோம். கடல் மட்டத்திலிருந்து 3,100 மீட்டருக்கும் மேலான உயரம். அங்கே நாம் இழுக்கும் மூச்சில் பிராணவாயு சுமார் 30 சதவீதம் குறைவு. அந்தக் குறை நெருப்புக்கும் உண்டு. டீசலின் அளவைக் குறைக்காவிட்டால் கரி படியும். மகன் உயரத்துக்கான அமைப்பை மாற்றினான். புகைக்குழாயைக் கல்லோ மண்ணோ அடைத்திருக்கிறதா என்று நான் குனிந்து பார்த்தேன். ஒரு சன்னலை விரற்கடை திறந்து வைத்தோம். பம்பு 'டிக், டிக்' என்று ஒலிக்க, வேனுக்குள் இதமான சூடு பரவியது. என் மனைவி இழுப்பின்றி உறங்கினாள்.

நள்ளிரவில் எனக்குத் தலை வலித்தது. நெஞ்சு படபடத்தது. உயரமான இடத்தில் வரும் தலைவலிக்கும் அந்த நச்சு வாயுவால் வரும் தலைவலிக்கும் வேறுபாடு தெரியாது என்று படித்திருந்தேன். எச்சரிக்கைக் கருவி சுழியத்தைக் காட்டியது. ஆயினும் அதை நம்பிக் கிடக்க மனம் ஒப்பவில்லை. ஹீட்டரை முறைப்படி நிறுத்தி, கதவுகளைத் திறந்து, இருவரையும் எழுப்பி வெளியே வரச்செய்தேன். அவர்கள் இருவருக்கும் ஒன்றும் இல்லை. கொட்டும் குளிரில் நின்றபோது, அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டால் என்ன செய்வது என்று நடுங்கினேன். அவளோ கம்பளிக்குள்ளிருந்து, "ஏன்னா, இன்னிக்கு உங்களுக்குத் தூக்கம் வராது. எங்களையாவது தூங்க விடுங்கோ" என்றாள். ஆனால் கடிந்துகொள்ளவில்லை, அந்தக் காவலாளியின் கதை அவளுக்குத் தெரியும்.

எஞ்சிய இரவைக் கம்பளிகளோடு கழித்தோம். ஹீட்டர் தந்த சூடு சிறிது நேரம் தங்கியிருந்தது. என் தலைவலி, மலைக்கு உடல் பழகியபின் மறுநாள் மெல்ல அகன்றது.

காலையில் தப்த குண்டத்தில் நீராடினோம். பனிமலை அடிவாரத்தில் சுடுநீர்! அக்னி தேவன் அங்கே உறைவதாகப் பெரியோர் கூறுவர். நெருப்பு மலைக்குள் எங்கேயோ. நம்மை வந்து தொடுவது அதன் சூடு மட்டும். சந்நிதியில் பத்ரிநாதனைச் சேவித்தபோது, நடை சாத்தும் நாளில் மானா கிராமப் பெண்கள் நெய்த கம்பளியை நெய்யில் தோய்த்துப் பெருமாளுக்குச் சாற்றும் வழக்கத்தைப் பற்றி ஒருவர் சொன்னார். என் மனைவி கண்களைத் துடைத்துக்கொண்டு, "பெருமாளுக்கே போர்வைதான்" என்றாள்.

வட யாத்திரை செல்லும் அன்பர்களுக்கு அடியேனின் விண்ணப்பம் ஒன்றே. தங்கும் அறையில் கரிக் குமுட்டி கொடுத்தால் கைகூப்பி வேண்டாமென்று சொல்லி, இன்னொரு கம்பளி கேளுங்கள். எந்தக் கணப்பானாலும் சன்னலைச் சிறிது திறந்து வையுங்கள். தலை வலித்தால் காரணம் ஆராயாதீர்கள். முதலில் வெளியே வாருங்கள். பத்ரிநாதன் காலையிலும் அங்கேயே இருப்பான்; அவனைச் சேவிக்க நாமும் இருக்க வேண்டும்.